சட்டம் வருமுன்னே சட்டம் கேட்ட முதலாளி

தோட்டத்துத் தோழர்களே! முதலாளி என்றால் தொழிலாளர் சட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பவர் என்றுதான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். எங்களுக்குச் சட்டம் போடுங்கள் என்று வலியப் போய்க் கேட்ட முதலாளி ஒருவரும் இருந்திருக்கிறார். அவர்தான் ராபர்ட் ஓவன்.

1771-ல் வேல்ஸில் நியூடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் குதிரைச் சேணம் செய்பவர். பத்து வயசிலேயே பையன் வீட்டை விட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டான். இருபதை ஒட்டிய வயசில் மான்செஸ்டரில் பஞ்சாலை மேனேஜர்! 1800-ல் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் ஆலைகள் அவர் நிர்வாகத்துக்கு வந்தன.

அங்கே ஏறக்குறைய 2,000 பேர். அதில் 500 பேர் ஏழை விடுதிகளிலிருந்து கொண்டு வந்த பிள்ளைகள். ஐந்து, ஆறு வயசுப் பிஞ்சுகளும் அதில் உண்டு. காலை ஆறு மணிக்கு ஆலைக்குள் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வெளியே வரலாம். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியவர்கள் வீட்டில் பிறந்த நமக்கு இந்தக் கஷ்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஓவன் விடுதிப் பிள்ளைகளை வாங்குவதை நிறுத்தினார். பத்து வயசுக்குக் கீழே யாருக்கும் வேலை இல்லை என்றார். வேலை நேரத்தைப் பத்தேமுக்கால் மணியாகக் குறைத்தார். ஆலைக் கடையில் நல்ல சாமானை அடக்க விலையை ஒட்டி விற்றார். அமெரிக்காவிலிருந்து பருத்தி வரத்து தடைப்பட்டபோது நாலு மாசம் ஆலை ஓடவில்லை, ஆனால் சம்பளம் முழுசாகக் கிடைத்தது. 1816-ல் பிள்ளைகளுக்குப் பள்ளியும் திறந்தார். ஒன்று சொல்ல வேண்டும்: அவரவர் நடத்தையைக் காட்ட ஒவ்வொருவர் பக்கத்திலும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை தீட்டிய மரக்கட்டையைத் தொங்கவிட்டார். அது நமக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஆலை லாபத்தில்தான் ஓடியது.

நாம் ஒருத்தர் நல்லவராக இருந்து என்ன பயன், அடுத்த ஆலையில் குழந்தை சாகிறதே என்று நினைத்திருப்பார் போலும். 1815-ல் எல்லா ஆலைக்கும் பொதுவான சட்டம் கேட்டுக் கிளம்பினார். பத்து வயசுக்குக் கீழ் வேலை கூடாது, பதினெட்டுக்குக் கீழ் பத்தரை மணிக்கு மேல் கூடாது, சட்டம் நடக்கிறதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வேண்டும் என்றார். மற்ற ஆலைக்காரர்கள் கொதித்தார்கள். அவர்மேல் குற்றம் கண்டுபிடிக்க லனார்க்குக்கே சிலர் போனதாக அவரே எழுதியிருக்கிறார்.

நாலு வருஷம் இழுத்தடித்து 1819-ல் சட்டம் வந்தது. என்ன சட்டம்? பஞ்சாலைக்கு மட்டும். வயசு ஒன்பதாகக் குறைந்தது. பதினாறு வயசு வரை பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம். இன்ஸ்பெக்டரையோ காணவே காணோம்! கவனிக்கும் பொறுப்பை உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளிடம் விட்டார்கள். பிறகு யார் கேட்பது? காகிதத்தில் இருந்தது, ஆலைக்குள் போகவில்லை. ஓவனுக்குப் பெரிய மனவருத்தம்.

1833-ல்தான் நாலு இன்ஸ்பெக்டர்களை அரசு நியமித்தது. ஆலைக்குள் நுழைந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. 1847-ல் பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. அப்போது ஓவனுக்கு 76 வயசு. ஆலையை விட்டு வந்து ரொம்ப நாளாகியிருந்தது, பணமும் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. 1858-ல் பிறந்த ஊரான நியூடவுனுக்கே வந்து கண்ணை மூடினார்.