ஏழையின் வீட்டில் கிடைத்த மறுமொழி

வேதத்தை மறுத்துப் பேசுகிறவர்களுக்கு என்ன மறுமொழி சொல்வது? நம் வாலிபர் பலரைக் கலங்கச் செய்யும் இக்கேள்விக்கு முத். பிரடெரிக் ஓசானாமின் சீவியம் நல்ல வழி காட்டுகிறது.

1813-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி மிலான் நகரில் பிறந்த இவர், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில், பக்தியுள்ள ஒரு வைத்தியரின் மகனாக வளர்ந்தார். பள்ளிப் பருவத்தில் விசுவாசத்தைப் பற்றிய சந்தேகங்கள் அவரை மிகவும் வாட்டின. தத்துவ சாஸ்திரம் போதித்த நுவாரோ சுவாமியார் பொறுமையோடு அவரைத் தெளிவித்தார். அன்றே தம் ஆயுளைச் சத்தியத்தின் ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்தார் ஓசானாம்.

1831-ல் சட்டம் படிக்கப் பாரீசுக்குப் போனார். அங்கே படித்தவர்களிடையே திருச்சபையை இகழ்வதே நாகரிகமாயிருந்தது. ஜுஃப்ருவா என்னும் பேராசிரியர் தேவ வெளிப்படுத்தலை மறுத்துப் போதித்தபோது, ஓசானாமும் தோழர்களும் எழுத்து மூலமாக மறுப்புக் கொடுத்தார்கள். பேராசிரியர் வகுப்பிலேயே அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்படி வாதத்தில் வல்லவரான ஓசானாமையே ஒரு கேள்வி தடுமாறச் செய்தது. மாணவர் சங்கமொன்றில் சென் சிமோன் கொள்கையைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது மெய்தான் என்றும், ஆனால் இன்று ஏழைகளுக்கு நீங்கள் செய்வதென்ன என்றும் கேட்டார். கேட்டவர் அவிசுவாசியானாலும் கேள்வியில் நியாயமிருந்தது. ஓசானாம் கோபங்கொள்ளவில்லை, தம் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்த்தார்.

1833 ஏப்ரல் 23-ந் தேதி, தமக்கு 20 வயது நிறைந்த நாளில், சில தோழர்களோடு ஒரு சிறு சபையைத் தொடங்கினார். ரொசாலி என்னும் கன்னியாஸ்திரி வழிகாட்ட, அவர்கள் அப்பமும் விறகும் எடுத்துக்கொண்டு ஏழைகளின் வீடுகளைத் தேடிப் போனார்கள். அதுவே அர்ச். வின்சென்ட் தே பவுல் சபை. இன்று அது 150-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது.

ஏழைகளுக்கு உதவத் தொடங்கியதால் அவர் வாதத்தைக் கைவிட்டாரோ? இல்லை. 1844-ல் சோர்போன் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். விசுவாசம் கல்விக்குப் பகையல்லவென்று சரித்திரத்தைக் கொண்டே விளக்கினார். ஏழைகளின் வீடுகளுக்குப் போவதையும் விடவில்லை. 1853 செப்டம்பர் 8-ந் தேதி, தேவமாதா பிறந்த திருநாளன்று, மார்செய் நகரில் தமது 40-ம் வயதில் மரணமடைந்தார். 1997-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

பிரியமானவர்களே, வேதத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நியாயம் சொல்லக் கற்றுக்கொள்வோம். ஆனால் நம் தெருவில் பசித்திருக்கிறவனை நாம் கவனியாதிருந்தால், அந்த நியாயத்தை யார் நம்புவார்கள்?