சாத்திர தானம் செய்த பொருளியல் அறிஞர்

மால்கம் ஆதிசேஷையா சமணர் அல்லர். வேலூரில் 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் இம்மலரில் அவர் வரலாறு இடம்பெறுவது பொருத்தமே. நம் முன்னோர் வகுத்த ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் இறுதியானதைத் தம் கைப்பொருள் கொண்டு செய்தவர் அவர்.

இலண்டனில் பொருளியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். கொல்கத்தாவிலும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் கற்பித்தார். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை பாரிசில் அதன் துணைத் தலைமை இயக்குநராக விளங்கினார். அத்தகைய பதவியிலிருந்து ஓய்வு பெறுவோர் பெரும்பாலும் அயல்நாட்டிலேயே தங்கிவிடுவர். அவரோ துணைவியார் எலிசபெத்துடன் சென்னைக்குத் திரும்பி, 1971இல் அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தம் சொந்தப் பொருளைக் கொண்டு தொடங்கினார். அதற்கு ஊரின் பெயரை இட்டாரேயன்றித் தம் பெயரை இடவில்லை.

தேவையும் அளிப்பும் விலையை முடிவு செய்யும் என்பது பாடநூல் கூற்று. விதைப்புக்கு முன்பே வணிகரிடம் கடன் பெற்ற உழவர், அறுவடையில் அவருக்கே நெல்லை அளக்க நேர்ந்தால் அங்கே விலையை முடிவு செய்வது எது? நெல்லும் பட்டும் விற்கும் ஊர்களில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இவ்வினா புதிதன்று. இத்தகையவற்றுக்கு விடை காண ஏட்டைவிட்டு ஊருக்குள் செல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் 1916ஐ ஒட்டி மாணவர்களைக் கொண்டு சில சிற்றூர்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று காஞ்சிபுரத்தை அடுத்த தூசி. 1980களில் அவ்வூரையே மீண்டும் ஆராய்ந்து, இடைப்பட்ட காலத்து மாற்றங்களைப் பதிவு செய்தவர்கள் அடையாற்று நிறுவனத்தார்.

நிறுவியவர் கையிலேயே இருக்கும் ஆய்வகம் அவர் விருப்பத்துக்கே விடை கூறத் தொடங்கிவிடும். ஆதிசேஷையா இதனை உணர்ந்திருத்தல் வேண்டும். 1977இல் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் தமிழக அரசும் நல்கை வழங்கும் தேசிய நிறுவனமாக அதனை மாற்ற இசைந்தார். மறு ஆண்டில் இயக்குநர் பொறுப்பைச் சி.டி. குரியனிடம் ஒப்படைத்தார். கொடுப்பதினும் கொடுத்ததன்மேல் உள்ள பிடியை விடுவது அரிது. அபரிக்கிரகம் எனும் நோன்பின் கடினமான பகுதியும் அதுவே.

1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், பின்னர் 1984 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராகவும் பணியாற்றினார். பத்மபூஷண் விருது 1976இல் அவருக்கு வழங்கப்பெற்றது.

1994ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் மறைந்தார். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் குறித்த ஆய்வுக் கட்டுரையை நிறுவனம் வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. பின்னல், சலவை, சாயம், வெட்டு, தையல் என ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு சிறு பட்டறைக்குப் பிரித்தளிக்கப்பட்டு, ஊரே ஒரு தொழிற்சாலைபோல் இயங்கியதை ஆய்வாளர் அதில் ஆராய்ந்திருந்தனர்.