செம்பு பூமியைக் காட்டிய டாக்டர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டாக்டர் ஹோட்டனின் பெயரால் ஓர் ஊரே இருக்கிறது.

டக்ளஸ் ஹோட்டன் 1809-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1832-ல் அரசாங்கக் குழுவோடு சுப்பீரியர் ஏரிக்குப் போய், செவ்விந்தியர்களுக்கு அம்மை குத்தினார். ஏரிக்கரைப் பாறையில் செம்பு உலோகமாகவே கிடந்தது!

110 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பூமி பிளக்கத் தொடங்கி, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. பின்னர் பூமிக்குள் ஊறிய வெந்நீர், அந்தப் பாறையின் குமிழித் துளைகளில் செம்பைப் படியவைத்தது. பிளவு பாதியிலேயே நின்றுவிட்டது. இதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கண்டறிந்தது. ஹோட்டன் சுத்தியலோடு நடந்தே அடுக்குகளைப் பார்த்து எழுதினார்.

1837-ல் மாநில நிலவியல் அதிகாரியானார். நடுவே டெட்ராய்ட் மேயர் பதவியும் வந்தது. 1841-ல் அவர் தந்த அறிக்கையில் செம்பு உண்டு என்றார்; திடீர்ப் பணத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள் என்றும் எச்சரித்தார். ஜனங்கள் முதல் பாதியைத்தான் கேட்டார்கள். கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். 1968 வரை அங்கே வெட்டியெடுத்த செம்பு சுமார் 50 லட்சம் டன்.

ஹோட்டன் அதைப் பார்க்கவில்லை. 1845 அக்டோபர் 13 இரவு, நில அளவை வேலையாகப் போனபோது, ஈகிள் ரிவர் அருகே புயலில் படகு கவிழ்ந்தது. வயது 36. பனிக்காலம் கழிந்த பிறகே உடல் கிடைத்தது.