மண்ணில் மருந்து தேடிய டாக்டர் சுப்பாராவ்

மழை பெய்ததும் கிளம்பும் மண்வாசனையை அறியாதவர் யார்? கொடைரோட்டுத் திராட்சைத் தோட்டத்திலும் அது வீசும். அமெரிக்காவின் புல்வெளியிலும் வீசும். மண்ணுக்குள் வாழும் ஒரு வகை நுண்ணுயிர்கள்தான் அந்த வாசனையை உண்டாக்குகின்றன.

அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமியிலிருந்து எடுத்த மருந்து கோடிக்கணக்கான மக்களின் உயிரைக் காத்தது. அந்த மருந்தைத் தேடிய ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னையில் படித்த ஓர் இந்தியர். அவர்தான் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

வீட்டை விட்டு ஓட்டம்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அது இன்று ஆந்திராவில் இருக்கிறது. அன்று சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. ஏழை வீடு. சிறுவனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். தாயார் விடவில்லை. தேடிப் பிடித்து, மீண்டும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு பிரசிடென்சி கல்லூரி. அங்கே படிக்கும்போது சந்நியாசி ஆகிவிட விரும்பினார். அதற்கும் தாயார் சம்மதிக்கவில்லை. வைத்தியம் படித்தால் ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதரால் வந்த வினை

காந்தியடிகள் கதர் உடுத்தச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சர்க்கார் வைத்திய உத்தியோகமும் கிட்டவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார்.

இதற்கிடையே குடும்பத்தில் பேரிடி. உடன்பிறந்தவர்கள் இருவர் தீராத வயிற்றுப்போக்கு நோயால் மாண்டனர். அந்த நோய்க்கு அன்று சரியான மருந்து இல்லை. மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது. மாமனாரின் உதவியோடு கப்பல் ஏறி அமெரிக்கா போனார். மனைவி சேஷகிரி இந்தியாவிலேயே இருந்தார். போன கணவர் திரும்பி வரவே இல்லை.

பாத்திரம் கழுவிய விஞ்ஞானி

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படிப்பு. கையில் பணம் இல்லை. ஆகவே இரவில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சிறுநீர்ப் பாத்திரங்களைக் கழுவும் வேலை செய்தார். பகலில் ஆராய்ச்சி. இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை பிஸ்கே என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து 1925-ல் வெளியிட்டார். தசைகளுக்குச் சக்தி தரும் பொருள்களைப் பற்றியும் கண்டறிந்தார். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

1940-ல் நியூயார்க் ராஜ்யத்தில் உள்ள லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சித் தலைவரானார். அவரும் உடன் உழைத்தவர்களும் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். உடன்பிறந்தவர்களைப் பலிகொண்ட நோய்க்கும் அது மருந்தாகப் பயன்பட்டது. யானைக்கால் கிருமிக்கு மருந்தும் அங்கிருந்துதான் வந்தது.

தட்டில் நடந்த யுத்தம்

அப்போது பெனிசிலின் புகழ் பரவியிருந்தது. ஆனால் பல கிருமிகள் பெனிசிலினுக்கு அடங்கவில்லை. வேறு மருந்து வேண்டும். அதை மண்ணில் தேடச் சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடம் முனைந்தது.

தேடும் பொறுப்பை ஏற்றவர் பெஞ்சமின் டக்கர். வயது 70-ஐத் தாண்டி, பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பல இடங்களிலிருந்து மண் வந்தது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்தார்கள். அவற்றை நோய்க்கிருமிகளுக்கு எதிரே நிறுத்தினார்கள். எதன் பக்கத்தில் நோய்க்கிருமி வளராமல் மடிகிறதோ, அதில் மருந்து இருக்கிறது!

மிசோரி சர்வகலாசாலையின் வயல் மண்ணில் 1945-ல் அப்படி ஒன்று அகப்பட்டது. பொன்னிறமாக இருந்ததால் அதன் மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். பெனிசிலின் தொடாத பல கிருமிகளையும் அது அடக்கியது. 1948 ஜூலையில் உலகுக்கு அறிவித்தார்கள். அடுத்த மாதமே, 53-வது வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். அந்த மருந்தின் முழுப் பெருமையைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்றும் அதே தட்டு

அந்தத் தட்டுச் சோதனையின் தத்துவம் இன்றும் ஆஸ்பத்திரி லேபரட்டரிகளில் வாழ்கிறது. நோயாளியின் சிறுநீரிலோ சீழிலோ உள்ள கிருமியை ஒரு தட்டில் பரப்புகிறார்கள். தட்டில் இருப்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற கூழ். நம் ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள்.

கூழின் மேல் மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. உடல் சூட்டுக்கு ஏறக்குறைய ஒத்த வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருப்பார்கள். மறுநாள் சில வில்லைகளைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளந்து, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொல்லிவிடுவார்கள்.

கடையில் வாங்கிய மாத்திரையைப் பொடித்து இந்தச் சோதனை செய்ய முடியாதா? கூடாது. மாத்திரையில் மருந்தோடு மாவும் வேறு பொருள்களும் கலந்திருக்கும். ஆகையால் அளவு தெரிந்த சுத்தமான மருந்துப் பொடியோ, அதைக் கொண்டு செய்த வில்லையோதான் வேண்டும். டெட்ராசைக்ளின் வில்லையில் இருப்பது 30 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் 30 பங்கு. வில்லையை ஈரம் படாமல் குளிரில் காக்க வேண்டும். மருந்து வீரியம் இழந்தால் வட்டம் சிறுக்கும். நல்ல மருந்தும் உதவாத மருந்தாகத் தோன்றும்.

ஆரியோமைசினின் குடும்பம் இன்னும் உயிர் காக்கிறது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்டர்கள் கொடுக்கும் டாக்சிசைக்ளின் அந்தக் குடும்பத்து மருந்தே. ஆனால் கண்டபடி தின்றதால் இந்த மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் இன்று பெருகிவிட்டன.

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நம் பிள்ளைக்கும் கேட்கும் என்று வாங்கிக் கொடுப்பது ஆபத்து. டாக்டர் சோதனை செய்யச் சொன்னால் செய்ய வேண்டும். அவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். சோதித்துச் சோதித்துத் தேடிய மருந்தைச் சோதிக்காமல் வீணாக்குவது, அதற்காக உழைத்து மடிந்தவர்களுக்கு நாம் செய்யும் துரோகம் அல்லவா?