செங்கல்பட்டில் பிறந்த கடற்படைத் தளபதி



எங்கள் ஊர் வெம்பாக்கம். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்பா பட்டுத்தறி நெய்கிறார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுத்தினவன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். சிவில் டிப்ளமோ சேர்ந்தேன் என்றால், ஏன், இன்ஜினியரிங் சீட் கிடைக்கலையா என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மனசை அரித்துக்கொண்டிருந்தபோதுதான் ராம்தாஸ் கட்டாரி அவர்களின் வாழ்க்கையைப் படித்தேன்.

இவர் 1911 அக்டோபர் 8ஆம் தேதி செங்கல்பட்டில் பிறந்தவர். காஞ்சிபுரம் போய் பஸ் மாறினால் நமக்கு செங்கல்பட்டு பக்கம்தான்! வளர்ந்ததும் படித்ததும் செகந்திராபாத்தில். அங்கேயும் கடல் கிடையாது.

1927ல் பம்பாயில் டஃபரின் என்ற பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. அது போர்க்கப்பல் அதிகாரி ஆவதற்கான இடமல்ல; சரக்குக் கப்பலில் வேலை பார்க்க இந்தியப் பையன்களுக்குத் தொழில் கற்றுத்தரும் இடம். முதல் அணியில் சேர்ந்தார் கட்டாரி. வயது பதினாறு. வழி சொல்ல சீனியர் யாரும் கிடையாது. வைஸ்ராய் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

பிறகு கல்கத்தாவில் ஹூக்ளி நதி சர்வே வேலை. என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். அந்த நதியில் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று கப்பல் போன வழியில் இன்று தரை தட்டலாம். அதனால் ஆழத்தைத் திரும்பத் திரும்ப அளந்து படம் போட வேண்டும். நாம் வெயிலில் லெவலிங் ஸ்டாஃப் பிடித்து நிற்பதற்கே அலுத்துக்கொள்கிறோம். அவர் அளக்கவேண்டிய தரையோ கண்ணுக்கே தெரியாது, நிலையாகவும் நிற்காது.

1939ல் உலகப்போர் வந்ததும் ரிசர்வ் அதிகாரியாகக் கடற்படைக்குள் நுழைந்தார். அதாவது நேர்வழியில் இல்லை, பக்கவாட்டு வாசல் வழியாக. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடித் தாக்கும் பயிற்சி பெற்றார். அட்லாண்டிக் வரை போய் வந்தார். பிறகு நிரந்தர அதிகாரி ஆனார்.

சுதந்திரம் வந்த பிறகும் நம் கடற்படையை ஆங்கிலேயர்தான் நடத்தினார்கள். தரைப்படைக்கு 1949லும் விமானப்படைக்கு 1954லும் இந்தியத் தளபதிகள் வந்துவிட்டார்கள். கடற்படையில் மட்டும், அனுபவமுள்ள மூத்த இந்திய அதிகாரிகள் குறைவு என்பதால் தாமதம். 1956ல் கப்பல் அணியின் பொறுப்பு முதன்முதலாக ஓர் இந்தியரிடம் வந்தது. அவர் கட்டாரி. 1958 ஏப்ரல் 22ல் கடற்படையின் முதல் இந்தியத் தளபதியும் அவரே. பதவி வைஸ் அட்மிரல்.

அவர் காலத்தில்தான் 1961 மார்ச் 4ல் பெல்ஃபாஸ்டில் விக்ராந்த் நம் கொடி ஏற்றியது. நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல் அது. பிரிட்டன் பாதி கட்டி நிறுத்தி வைத்திருந்ததை வாங்கி முடித்தது. அதே டிசம்பரில் கோவா விடுதலை. போர்ச்சுகீசியப் போர்க்கப்பலை எதிர்க்க அனுப்பிய மூன்று கப்பல்களில் ஒன்றின் பெயர் காவேரி! வெற்றி சும்மா வரவில்லை. அஞ்சதீவில் இறங்கிய நம் மாலுமிகள் ஏழு பேர் உயிர் கொடுத்தார்கள்.

1962 ஜூனில் ஓய்வு. பிறகு அவர் ஆந்திர மாநிலப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தலைவராகவும் இருந்தார். கப்பற்படையை நடத்தியவர் பஸ் கழகத்தில் உட்கார்ந்தாரா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன் நான், சிரித்திருக்கக் கூடாது. 1964லிருந்து 1969 வரை பர்மாவில் நம் தூதர். தன் கடல் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி 1982ல் புத்தகமாகக் கொண்டு வந்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி, தான் படித்து வளர்ந்த செகந்திராபாத்திலேயே காலமானார்.