ரிப்பன் பிரபு: ஊராட்சிக்கு வித்திட்ட கத்தோலிக்கப் பெருமகன்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து, வெள்ளை வெளேரென்று உயர்ந்து நிற்கும் மாளிகையைப் பார்க்காத தமிழர் குறைவு. மாநகராட்சியின் தலைமை அலுவலகமான அதற்கு ரிப்பன் மாளிகை என்று பெயர். சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. ஆயினும் 1913-இல் தனக்கென ஒரு மாளிகை திறந்தபோது, அதற்கு ரிப்பன் பிரபுவின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தது. யார் இந்த ரிப்பன் என்று கேட்டால், யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை என்போம். அவர் ஒரு கத்தோலிக்கர் என்பதும், அந்த விசுவாசத்துக்காகப் பெரும் விலை கொடுத்தவர் என்பதும், நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் வித்திட்டவர் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. அப்பெருமகனாரின் வாழ்வை நினைவுகூர்வது நமக்கு நன்மை பயக்கும்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் பிரெடரிக் சாமுவேல் ராபின்சன் என்பது அவரது இயற்பெயர். 1827-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் லண்டனில், பிரதம மந்திரியின் இல்லமான டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டிலேயே பிறந்தார். அப்போது அவருடைய தந்தைதான் இங்கிலாந்தின் பிரதமர். பள்ளிக்கூடமோ கல்லூரியோ செல்லாமல் வீட்டிலேயே கல்வி கற்றார். செல்வத்தில் பிறந்தும் ஏழைத் தொழிலாளர் பக்கமே அவர் மனம் சென்றது. கிறிஸ்துவின் போதனையைத் தொழிலாளர் வாழ்வோடு இணைக்க முயன்ற கிறிஸ்தவ சமதர்ம இயக்கத்தில் இளமையிலேயே சேர்ந்தார். சாதாரண மக்களுக்கும் ஆட்சியில் பங்கு வேண்டும் என்ற எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

1852-இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் புகுந்தார். பின்னர் போர் மந்திரி, இந்திய மந்திரி எனப் படிப்படியாக உயர்ந்தார். 1871-இல் அமெரிக்காவுடன் எழுந்த பெரும் வழக்கைச் சமாதானமாகத் தீர்த்து வைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, மார்க்குவிஸ் பட்டம் பெற்றார்.

மனமாற்றம்

யார்க்‌ஷயரில் ரிப்பன் நகரை அடுத்திருந்த அவரது பண்ணைக்குள்ளே ஒரு பழைய துறவு மடத்தின் இடிபாடுகள் உண்டு. 1132-இல் தோன்றி, எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் மூடப்பட்ட பவுண்டன்ஸ் மடம் அது. கத்தோலிக்க இங்கிலாந்தின் நினைவுச்சின்னம் அவர் வீட்டு வாசலிலேயே நின்றது எனலாம். 1870-இல் அவருடைய மைத்துனர் கிரேக்க நாட்டில் கொள்ளையரிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். அத்துயரம் அவரை ஆழமாகச் சிந்திக்க வைத்தது. நெடுநாள் செபித்தும் படித்தும், 1874 செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் ஒரட்டரி ஆலயத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

அன்றைய இங்கிலாந்தில் இது சாதாரணச் செயல் அன்று. அவர் அந்நாட்டுப் பிரீமேசன் சங்கத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர். திருச்சபை தடைசெய்திருந்த அப்பதவியை உடனே துறந்தார். பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. இனி இவரது அரசியல் வாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். அவருடைய தலைவரான கிளாட்ஸ்டனே, கத்தோலிக்கராக மாறுபவர் நாட்டுக்கு விசுவாசமாக இருக்க முடியுமா என்று அவ்வாண்டில் எழுதினார். அவருடைய துணைவியாரும் ஆங்கிலிக்கன் சபையிலேயே இருந்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் அசையவில்லை. யாரையும் திருப்பி ஏசவுமில்லை.

இறைவனின் வழிகள் விந்தையானவை. அதே கிளாட்ஸ்டன் 1880-இல் மீண்டும் பிரதமரானபோது, இந்தியாவின் ராஜப்பிரதிநிதியாக ரிப்பன் பிரபுவையே தேர்ந்தெடுத்தார். கத்தோலிக்கருக்கு இத்தனை பெரிய பதவியா என்று கூக்குரல் எழுந்தது. 1880 ஜூன் மாதம் சிம்லாவில் அவர் பதவியேற்றார். கத்தோலிக்கர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதன்முறை.

இந்திய மண்ணில்

ஆப்கானியப் போரை முடிவுக்குக் கொண்டுவந்தார். 1881-இல் முதலாவது தொழிற்சாலைச் சட்டத்தை இயற்றி, 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலை வேலையில் சேர்ப்பதைத் தடுத்தார். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1882-இல் நீக்கினார். அவ்வாண்டே உப்பு வரியையும் குறைத்தார். ஆனால் இவை எல்லாவற்றிலும் அவர் பெரிதாக மதித்தது ஸ்தல சுய ஆட்சி என்னும் பணியைத்தான்.

அதற்குமுன் நம் ஊர்களில் நகரசபையே இல்லை என்பதல்ல. 1865-இல் வந்த சட்டத்தின்படி சென்னை மாகாணத்தின் பல நகரங்களில் முனிசிபாலிட்டி ஏற்பட்டிருந்தது. ஆனால் தலைமை நாற்காலியில் கலெக்டர் துரை. அங்கத்தினர் பெரும்பாலும் சர்க்கார் நியமித்தவர்கள். துரை சொல்வதற்குத் தலையாட்டிவிட்டுப் போவதே பலருடைய வேலை. வரி கொடுப்பது ஊர், விளக்கு எரிய வேண்டியது ஊரில், தண்ணீர் வர வேண்டியதும் ஊருக்கு. தீர்மானிப்பது மட்டும் வேறொருவர்!

1882 மே 18

இந்த நிலையை மாற்ற 1882-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் ரிப்பன் அரசு ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. இந்திய ஸ்தல ஆட்சியின் சாசனம் என்று அறிஞர்கள் அதைப் போற்றுவர். அதன் சாரம் இதுதான். நகரங்களில் மட்டுமல்ல, கிராமப் பகுதிகளிலும் போர்டுகள் அமைய வேண்டும். ஒவ்வொரு போர்டின் எல்லையும், அங்கத்தினர் தாமே நேரில் அறிந்து அக்கறை கொள்ளும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் உத்தியோகஸ்தர் அல்லாதவராக இருக்க வேண்டும். இயன்ற இடமெல்லாம் தேர்தல் நடக்க வேண்டும். தலைவர் பதவியிலும் கூடுமானவரை உத்தியோகஸ்தர் அமரலாகாது. வேலையை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் பணத்தைக் கொடாமல் இருப்பது நியாயமன்று; வருமானத்துக்கும் வழி செய்ய வேண்டும். சர்க்கார் வெளியே நின்று கணக்கைப் பார்க்கலாம், தவறைத் திருத்தலாம். உள்ளே புகுந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

இதனால் நிர்வாகம் கெட்டுவிடாதா என்று அதிகாரிகள் கேட்டனர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. தொடக்கத்தில் தவறுகள் நேரும் என்பதை ரிப்பனும் ஒப்புக்கொண்டார். ஆனால் நிர்வாகம் சீராவது மட்டும் அவர் நோக்கமன்று. மக்கள் பொதுக்காரியம் நடத்தப் பழக வேண்டும்; அதுவே அவர்களுக்குக் கல்வி என்பது அவர் கொள்கை. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்றவர் உண்டோ?

நம் மாகாணத்தில்

தீர்மானத்தின் பயனாக 1884-இல் சென்னை மாகாணத்துக்கு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று முனிசிபாலிட்டிகளில் தேர்தலுக்கு வழியை அகலத் திறந்தது. மற்றொன்று ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு, யூனியன் என மூன்று படிகளை அமைத்தது. இவற்றுள் யூனியனே சிற்றூர்களுக்கு உரியது. ஒரு பெரிய கிராமத்தையோ, பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றையோ சேர்த்து யூனியனாக்குவர். அதற்கென ஒரு பஞ்சாயத்து இருக்கும். அது வீட்டுவரி வசூலித்து, தெருவிளக்கு, துப்புரவு, குடிநீர் போன்ற காரியங்களைக் கவனிக்கும். அவ்வாறு யூனியனாகத் தொடங்கிப் பின்னாளில் பேரூராட்சியாகவும் நகராட்சியாகவும் வளர்ந்த ஊர்கள் பல.

குறைகளும் இருந்தன. வரி செலுத்துவோருக்கே வாக்குரிமை. ஏழைக்கும் பெண்களுக்கும் இடமில்லை. ஜில்லா போர்டில் கலெக்டரே நெடுங்காலம் தலைவராக நீடித்தார். ரிப்பன் எண்ணியதில் பாதிகூட அவர் காலத்தில் நிறைவேறவில்லை எனலாம். விதைத்தவர் அவர், அறுத்தவர் பின்வந்தோர்.

எதிர்ப்பும் பிரியாவிடையும்

1883-இல், இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்னும் மசோதாவை அவர் அரசு கொண்டுவந்தது. வெள்ளையர் கொதித்தெழுந்தனர். 1884 ஜனவரியில் சமரசமாகி அவர் பின்வாங்க நேர்ந்தது. இது அவருக்கு ஒரு தோல்வியே. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டபோது, வழிநெடுக மக்கள் வெள்ளமெனத் திரண்டு வழியனுப்பினர். தம்மவர் ஏசிய மனிதரை இந்தியர் தம்மவராகவே ஏற்றுக்கொண்டனர்.

இறுதி நாட்கள்

நாடு திரும்பியபின் மீண்டும் மந்திரியானார். நேட்டால் இந்தியரின் வாக்குரிமையைக் காக்க 1894-இல் காந்தியடிகள் ஏறத்தாழ 10,000 கையொப்பங்களோடு அனுப்பிய மனு, குடியேற்ற நாட்டு மந்திரியாயிருந்த இவருக்கே வந்தது. இன்னொரு செய்தி நெஞ்சைத் தொடுகிறது. இந்தியா முழுவதையும் ஆண்டவர், 1895-இல் தமது சிறிய ரிப்பன் நகருக்கு மேயராகப் பணியாற்றினார்! ஊர்ப்பணி தாழ்ந்த பணி என்று அவர் எண்ணவில்லை. 1899 முதல் இறக்கும்வரை புனித வின்சென்ட் தே பவுல் சபையின் தலைவராகவும் இருந்து ஏழைகளுக்கு உதவினார்.

1908-இல் லண்டனில் நற்கருணை மாநாடு நடந்தபோது, தெருவில் நற்கருணைப் பவனி செல்லக் கூடாதென அரசு தடுத்தது. அச்செய்தியைப் பேராயருக்குத் தெரிவிக்கும் கசப்பான பொறுப்பு மந்திரியான ரிப்பனுக்கே வாய்த்தது. மனம் நொந்த அவர், முதுமையைக் காரணமாகச் சொல்லி அடுத்த மாதமே பதவி விலகினார். 1909 ஜூலை 9-ஆம் நாள் ஆண்டவரில் துயில் கொண்டார்.

நமக்கொரு பாடம்

1992-இல் வந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அசையாத அடித்தளம் இட்டன. தமிழகத்தில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. ரிப்பன் காலத்தில் இல்லாத உரிமை இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஆயினும் கிராம சபை கூடும் நாளில் நம்மில் எத்தனை பேர் போகிறோம்? அரசியல் நமக்கெதற்கு என்று ஒதுங்கிவிட்டு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று திண்ணையில் அமர்ந்து குறை கூறுவது விசுவாசியின் வழியாகுமா?

ஆலயத்தில் முழந்தாளிட்டவர் ஊர்ச் சபையிலும் நிமிர்ந்து அமரலாம் என்று வாழ்ந்து காட்டியவர் ரிப்பன் பிரபு. பொதுநிலையினரான நாமும் நம் ஊரின் நன்மைக்கு உழைக்க முன்வருவோமாக.