தானியங்கித் தொலைபேசியின் தந்தை ஆல்மன் ஸ்ட்ரோஜர்

வீட்டில் தீப்பற்றிக்கொண்டால் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வழைப்பு வேறெவர் வீட்டிற்கும் செல்லாமல், உதவிக்கென்றே காத்திருப்போரிடம் நேரே சென்று சேர்கிறது. எண்களைக் கொண்டே அழைப்பிற்கு வழிகாட்டும் இம்முறைக்கு அடிகோலியவர் மின்பொறியாளர் அல்லர். பெரும் பட்டங்கள் பெற்ற அறிவியல் அறிஞரும் அல்லர். இறந்தோரின் நல்லடக்கத்திற்குப் பெட்டியும் வண்டியும் ஏற்பாடு செய்து கொடுத்துப் பிழைத்து வந்த ஒரு மனிதர். அவர்தாம் ஆல்மன் பிரவுன் ஸ்ட்ரோஜர்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ரோச்செஸ்டர் நகரத்திற்கு அருகிலுள்ள பென்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1839ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றினார். பின்னர் நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். அதன் பிறகே நல்லடக்கத் தொழிலை மேற்கொண்டு, மேற்கே கான்சாஸ் சிட்டி நகரில் தொழில் நடத்தி வந்தார்.

அக்காலத்துத் தொலைபேசியில் எண்களே கிடையா. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்குள் நியூ ஹேவன் நகரில் 21 பேருக்கு இணைப்பு வழங்கிய வணிக இணைப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. ஒருவர் பேச விரும்பினால், முதலில் இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் பணிப்பெண்ணை அழைத்து, இன்னாரோடு பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். அவள் ஒரு கம்பியின் முனையை எடுத்து, உரிய துளையில் செருகுவாள். இணைப்பு ஏற்படும். அவள் தவறாகச் செருகினாலோ, வேண்டுமென்றே வேறு துளையில் செருகினாலோ, அழைத்தவர் அதனை எவ்வாறு அறிவார்?

ஸ்ட்ரோஜருக்கு நேர்ந்தது அதுதான் என்பர். அவ்வூரில் அதே தொழிலைச் செய்த மற்றொருவரின் மனைவி இணைப்பகத்தில் பணிபுரிந்தாள் என்றும், துக்க வீட்டார் ஸ்ட்ரோஜரைக் கேட்டு அழைத்தபோதெல்லாம் அவள் தன் கணவருக்கே இணைப்புக் கொடுத்தாள் என்றும் சொல்லப்படுகிறது. மனைவி அல்லள், உறவினள் என்பாரும் உளர். இக்கதை பலவிதமாக வழங்குவதால் அதனை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. ஆனால், தமக்கு வர வேண்டிய அழைப்புகள் வராமற் போகின்றன என்னும் மனக்குறை அவரை வாட்டியது. அவர் முறையிட்டுப் பார்த்தார், பயனில்லை. இடையில் ஆளே இல்லாமல், அழைப்பவரே தம் கையால் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ள ஒரு பொறி வேண்டும் என்று எண்ணத் தொடங்கினார்.

சட்டைக் கழுத்துப்பட்டைகள் வைக்கும் வட்டமான அட்டைப் பெட்டியில் குண்டூசிகளை வரிசை வரிசையாகக் குத்தி அவர் முதல் மாதிரியைச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1889ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1891ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் அது அவருக்குக் கிடைத்தது.

பின்னர்ச் செம்மைப்படுத்தப்பட்ட அப்பொறியின் இயக்கத்தை அறிந்துகொள்வது கடினமன்று. பத்து மாடிகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் பத்து வீடுகள். ஆக நூறு வீடுகள். நடுவில் ஒரு மின்தூக்கி. பொறியின் நடுத்தண்டு அம்மின்தூக்கியைப் போன்றது. 47 என்னும் எண்ணை அழைத்தால், முதலில் நான்கு மின் துடிப்புகள் கம்பி வழியே வரும். தண்டு நான்கு படி மேலே ஏறி நிற்கும். பிறகு ஏழு துடிப்புகள் வரும். தண்டு பக்கவாட்டில் ஏழு படி திரும்பி, அங்குள்ள கம்பியைத் தொடும். உடனே அந்த வீட்டில் மணி அடிக்கும். ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள நகரமானால், ஒரு பொறி மற்றொரு பொறிக்கு அழைப்பை ஒப்படைக்கும். ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஒரு கிளைப்பாதை பிரியும். அழைப்பவர் செல்வரா, ஏழையா, எவருக்கு உறவினர் என்றெல்லாம் பொறி பாராது. அது துடிப்புகளை மட்டுமே எண்ணும்.

1891இல் சிகாகோவில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1892ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், இந்தியானா மாநிலத்து லாபோர்ட் நகரில் முதல் தானியங்கி இணைப்பகம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 75 பேர் அதில் இணைப்புப் பெற்றனர். அப்போது எண் வட்டு கிடையாது. பொத்தானை இலக்கத்திற்கேற்ப அத்தனை முறை அழுத்த வேண்டும். ஒன்பதை அழைக்க ஒன்பது முறை! எண்ணிக்கை தவறினால் அழைப்பும் தவறும். அந்நிறுவனத்தைச் சேர்ந்த கீத் என்பவரும் எரிக்சன் உடன்பிறப்புகளும் 1896இல் சுழலும் எண் வட்டை உருவாக்கி அக்குறையைத் தீர்த்தனர். சிந்தனை ஒருவருடையதாயினும், அதனைச் செயற்படுத்தியவர்கள் பலர் என்பதை இங்குக் குறிப்பிடுதல் நியாயமாகும்.

ஸ்ட்ரோஜர் 1896இல் தம் காப்புரிமைகளை 1,800 டாலருக்கு விற்றார். ஈராண்டுகள் கழித்து நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கையும் 10,000 டாலருக்குக் கொடுத்துவிட்டார். உடல்நலம் குன்றிய நிலையில் புளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்து, 1902ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் காலமானார். 1916இல் அதே காப்புரிமைகளுக்காக பெல் நிறுவனத்தார் கொடுத்த விலை 25 இலட்சம் டாலர். அதில் ஒரு காசும் அவரைச் சேரவில்லை.

அவருடைய முறை அவருக்குப் பின்னரே உலகெங்கும் பரவியது. 1912இல் இங்கிலாந்தின் எப்சம் நகரில் அம்முறையிலான இணைப்பகம் அமைந்தது. ஆயினும் பணியாட்கள் முற்றும் மறைந்து போகவில்லை. வெளியூர் அழைப்புக்கும் விசாரணைக்கும் ஆள் வேண்டியிருந்தது. ஆதலால் பத்தாம் மாடியின் கம்பிகளை, அதாவது 0 என்னும் இலக்கத்தை, வீடுகளுக்குக் கொடுக்காமல் பணியாளரின் மேசைக்கே கொண்டு சென்றனர்.

அதிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டனின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. எதிரில் குடியிருந்த ஒருவர் தீயணைப்புப் படைக்காக 0 சுழற்றினார். ஆனால் அவசர அழைப்பும் சாதாரண அழைப்பும் ஒரே வரிசையில் நின்றன. பணியாளருக்கு எது எதுவெனத் தெரிய வழியில்லை. அவர் காத்துக்கொண்டே இருந்தார். அத்தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர்.

அரசு ஒரு குழுவை அமைத்தது. 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இலண்டனில் 999 என்னும் எண் நடைமுறைக்கு வந்தது. 111 ஏன் ஆகாது என்று நீங்கள் கேட்கலாம். காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே ஒற்றைத் துடிப்புகள் தோன்றிவிடும். எவரும் அழைக்காமலே தீயணைப்பு வண்டி புறப்பட நேரும். 9 என்னும் துளையோ எண் வட்டின் கடைசித் துளைக்கு அடுத்தது. புகையிலும் இருளிலும் விரலால் தடவியே அதனைக் கண்டுகொள்ளலாம். பொதுத் தொலைபேசிகளில் காசு போடாமலே 0 சுழற்ற முடிந்தது. அதே வசதியை 9க்கும் எளிதில் செய்து கொடுக்க முடிந்தது. மூன்று முறை ஒன்பதாம் மாடிக்கு ஏறிய அழைப்பு தனிக் கம்பியில் சென்று சேரும். இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஊதுகுழல் ஒலிக்கும். பணியாளர் மற்ற வேலைகளை விட்டுவிட்டு அதற்கே முதலில் பதிலளிப்பார்.

பிரிட்டனின் கடைசி ஸ்ட்ரோஜர் இணைப்பகம் 1995இல் மூடப்பட்டது. இப்போது கணினிகள் அவ்வேலையைச் செய்கின்றன. கைபேசி அவசர எண்ணைக் கண்டதும் அதனைச் சாதாரண அழைப்பாகக் கருதாமல், நாம் நிற்கும் இடத்திற்குரிய அவசர நிலையத்திற்கு இணைக்கச் செய்கிறது. மலேசியாவில் அவசர எண் இன்றும் 999தான். சிங்கப்பூரில் காவல் துறைக்கு 999. தீயணைப்புக்கும் அவசர மருத்துவ வண்டிக்கும் 995. அழைத்தவுடன் நம் இருப்பிடத்தை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இருப்போர் தோட்டத்தின் பெயரையும் அருகிலுள்ள பட்டணத்தையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று.